அக்டோபர் 21, காவலர் வீரவணக்க நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அக்டோபர் பிறந்துவிட்டால் பள்ளி ஆசிரியர்களும் குடியிருப்போர் சங்கத்தாரும் என்னைத் தேடி வந்து ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். நான் போலீஸ் குடியிருப்பில் வளர்ந்தவன், அப்பா தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதுதான் காரணம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சில பதில்கள் நீளும், சில ஓரிரு வரியில் முடியும்.

அக்டோபர் 21 அன்று என்ன நடந்தது?

1959-ஆம் ஆண்டு. லடாக்கில் திபெத் எல்லையை ஒட்டி ஹாட் ஸ்பிரிங்ஸ் என்றோர் இடம். ஏறத்தாழ 16,000 அடி உயரம். மூச்சுவிடுவதே அங்கே ஒரு வேலை. லனக் லா கணவாயை நோக்கிச் செல்லவிருந்த இந்தியக் குழு ஒன்று அங்கே முகாமிட்டிருந்தது. முன்னால் போய் வழி பார்த்து வர அக்டோபர் 20 அன்று மூன்று அணிகள் கிளம்பின. இரண்டு அணிகள் அன்றைக்கே திரும்பின. இரண்டு காவலர்களும் ஒரு சுமைதூக்குபவரும் போன மூன்றாவது அணி திரும்பவில்லை.

மறுநாள் காலை, உளவுத்துறை அதிகாரி கரம் சிங் தலைமையில் சுமார் இருபது பேர் அவர்களைத் தேடிப் புறப்பட்டார்கள். அவர் குதிரையில் முன்னால் போக, மற்றவர்கள் நடந்து பின்தொடர்ந்தார்கள். நண்பகலை ஒட்டிக் குன்றின் மேலிருந்து சீனப் படையினர் சுடத் தொடங்கினார்கள், கையெறிகுண்டுகளையும் வீசினார்கள். கீழே இருந்தவர்களுக்கு ஒதுங்க இடமில்லை. பத்துப் பேர் உயிரிழந்தார்கள். ஏழு பேர் காயத்தோடு பிடிபட்டார்கள். மற்றவர்கள் தப்பி வந்தார்கள். இறந்தவர்களின் உடல்கள் மூன்று வாரம் கழித்து, நவம்பர் 13 அன்றுதான் திருப்பிக் கொடுக்கப்பட்டன. ஹாட் ஸ்பிரிங்ஸிலேயே காவல்துறை மரியாதையோடு எரியூட்டினார்கள்.

1960 ஜனவரியில் மாநிலக் காவல்துறைத் தலைவர்களின் ஆண்டு மாநாடு கூடியபோது, இனி அக்டோபர் 21-ஐ நாடு முழுவதும் கடைப்பிடிப்பது என்று முடிவாயிற்று. பள்ளியில் பேசுகிறவர்கள் இதை ஒரு போர்க் கதையாக ஆக்கிவிடுகிறார்கள். அந்த இருபது பேரும் அன்று கிளம்பியது எதிரியைத் தாக்க இல்லை. தங்களோடு வந்த இரண்டு காவலர்களையும், துறையிலேயே இல்லாத ஒரு கூலித் தொழிலாளியையும் காணவில்லை என்று தேடப் போனார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இடத்தை விட்டுவிட வேண்டாம்.

எல்லையில் ராணுவம் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

1959 இலையுதிர்காலம் வரை திபெத்தை ஒட்டிய 2,500 மைல் நீள எல்லையைக் காவல்துறையினர்தான் காத்து வந்தார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நிலைமை மாறியது. இந்தோ திபெத்திய எல்லைக் காவல் படை 1962 அக்டோபரில் தோற்றுவிக்கப்பட்டது. இன்றும் ஆண்டுதோறும் பல மாநிலக் காவலர்கள் அடங்கிய ஒரு குழு ஹாட் ஸ்பிரிங்ஸ் நினைவிடத்துக்குப் போய் வருகிறது.

அன்றைய நிகழ்ச்சியில் என்ன செய்வார்கள்?

சென்னையில் மெரினாவுக்கு எதிரே, காமராஜர் சாலையில் உள்ள டி.ஜி.பி. அலுவலக வளாகத்தின் நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைப்பார்கள். (அந்த வெள்ளைக் கட்டடம் 1839-இல் ஃப்ரீமேசன் சங்கத்துக்காகக் கட்டப்பட்டது. கடற்கரைக்குப் போகிறவர்கள் பாதிப்பேருக்கு இது தெரியாது.) மாவட்டத் தலைநகரங்களில் ஆயுதப்படை மைதானங்களில் நடக்கும். பியூகிள் ஒலிக்கும், துப்பாக்கிகளைத் தலைகீழாகத் தாழ்த்துவார்கள், குண்டுகள் முழங்கும்.

முந்தைய ஆண்டு செப்டம்பர் 1 முதல் அந்த ஆண்டு ஆகஸ்ட் 31 வரை நாடு முழுவதும் பணியில் இறந்தவர்களின் பட்டியலைத்தான் ஒவ்வோர் ஆண்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கொரோனாவின் இரண்டாம் அலை அடித்த ஆண்டில், அதாவது 2021 ஆகஸ்டோடு முடிந்த கணக்கில், 377 பேர். அந்த ஆண்டு அவ்வளவு பேர் ஆனதற்குப் பெரும் காரணம் தொற்று. ஊரடங்கில் தெருமுனையில் நின்று நம்மை வீட்டுக்குப் போகச் சொன்னவர்கள் அவர்கள்.

எல்லாரும் துப்பாக்கிச் சண்டையிலா இறக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பெரும்பாலும் மனத்தில் ஒரு திரைப்படக் காட்சி இருக்கும். தமிழ்நாட்டில் நடந்தவற்றைச் சொல்கிறேன்.

2021 நவம்பர் 21, விடிவதற்கு முன். திருச்சி நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் ரோந்தில் இருந்தார். இருசக்கர வாகனங்களில் ஆடு திருடிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தார். தன் வண்டியில் விரட்டிக்கொண்டே புதுக்கோட்டை மாவட்ட எல்லைக்குள் போய்விட்டார். மடக்கிப் பிடித்தும் விட்டார். அங்கே அவரை வெட்டிக் கொன்றார்கள். பிடிபட்டவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். ஆட்டுக்காக ஒரு மனிதர் உயிரை விடுவதா என்று அப்போது பலர் கேட்டார்கள். ஆடு வளர்த்துப் பிழைக்கும் வீட்டில் யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு ஆடு போனால் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் போயிற்று என்று அர்த்தம்.

2020 ஜனவரி 8 இரவு, கேரள எல்லையில் களியக்காவிளை சோதனைச் சாவடியில் தனியாகக் காவலில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 18 அன்று தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு ரவுடியைப் பிடிக்கப் போன காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். 2012 அக்டோபரில் சிவகங்கை மாவட்டத்தில் குருபூஜை பந்தோபஸ்தில் இருந்த உதவி ஆய்வாளர் ஆல்வின் சுதன் குத்திக் கொல்லப்பட்டார். இன்னும் பின்னால் போனால் 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தியோடு இறந்தவர்களில் காவல் கண்காணிப்பாளர் முகமது இக்பால் உட்படக் காவல்துறையினர் பலர் உண்டு. அந்த இரவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் காவலர்களின் பெயர்கள் அதில் ஒரு வரிக்கு மேல் வருவதில்லை.

ரோந்து, சோதனைச் சாவடி, பந்தோபஸ்து, கைது. எந்தக் காவல் நிலையத்திலும் எந்த நாளிலும் நடக்கிற வேலைகள். காலையில் சட்டை மாட்டும்போது இன்றைக்கு ஆபத்தான வேலை என்று யாரும் சொல்லி அனுப்புவதில்லை.

பட்டியலுக்குள் வராத சாவுகளும் உண்டு. இரவுப் பணி முடித்துத் தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டிப் போய் விபத்தில் இறந்தவர், ஐம்பது வயதுக்குள் மாரடைப்பில் போனவர், மன அழுத்தத்தில் உயிரை மாய்த்துக்கொண்டவர். எங்கள் குடியிருப்பில் இப்படிப் போனவர்கள்தான் அதிகம். அவர்களுக்குப் பியூகிள் ஊதியதில்லை.

மும்பைத் தாக்குதலில் லத்தியோடு நின்றவர் யார்?

துக்காராம் ஓம்ப்ளே. மும்பைக் காவல்துறையில் உதவி சப்-இன்ஸ்பெக்டர். 2008 நவம்பர் 26 நள்ளிரவை ஒட்டி கிர்காவ் கடற்கரைச் சாலையில் தடுப்பு வைத்து ஒரு காரை மறித்தார்கள். காருக்குள் தாக்க வந்தவர்களில் ஒருவனான கசாப். கையில் ஏ.கே. 47. ஓம்ப்ளேயிடம் துப்பாக்கி இல்லை. அவர் போய்த் துப்பாக்கிக் குழலை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். அவன் சுடச் சுடப் பிடியை விடவில்லை. அத்தனை குண்டும் அவர் உடம்பில் இறங்கியது. அந்த நேரத்தில் மற்றவர்கள் பாய்ந்து கசாபை உயிரோடு பிடித்தார்கள். அன்று வந்த பத்துப் பேரில் உயிரோடு சிக்கியவன் அவன் ஒருவன்தான். சதி எங்கே தீட்டப்பட்டது என்பது நீதிமன்றத்தில் நிரூபணமானதற்கு அவன் உயிரோடு சிக்கியது முக்கியக் காரணம்.

2009 குடியரசு நாளில் ஓம்ப்ளேக்கு அசோக சக்கர விருது அறிவிக்கப்பட்டது. அதே இரவில் இறந்த ஹேமந்த் கர்கரே, அசோக் காம்டே, விஜய் சலஸ்கர் ஆகிய அதிகாரிகளுக்கும் அதே விருது. பிற்பாடு மகாராஷ்டிரத்தில் கண்டறியப்பட்ட தாவும் சிலந்தி இனம் ஒன்றுக்கு ஆய்வாளர்கள் 'இசியஸ் துக்காராமி' என்று பெயர் வைத்தார்கள். சிலை திறப்பதைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

காவலரின் அன்றாட வேலை என்ன? நின்றுகொண்டிருப்பதைத்தானே பார்க்கிறோம்?

நிற்பதே ஒரு வேலை என்பதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். சித்திரை வெயிலில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், கார்த்திகை தீபத்துக்கு, வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு, செப்டம்பர் 11 பரமக்குடிக்கு, அக்டோபர் 30 பசும்பொன்னுக்கு என்று வெளிமாவட்டங்களிலிருந்து காவலர்களை வண்டி வண்டியாக ஏற்றி வருவார்கள். கல்யாண மண்டபத்திலோ பள்ளிக்கூடத்திலோ பாய்கூட இல்லாமல் படுக்கை. நாம் சாமி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். கூட்டம் கலைந்து கடைசி ஆள் போன பிறகுதான் அவர்கள் அந்த இடத்தை விட்டு நகர முடியும்.

பெண் காவலர்களுக்கு இது இரட்டைத் தண்டனை. சாலையோர பந்தோபஸ்தில் கழிப்பறை கிடைக்காது என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நிற்பார்கள். தமிழ்நாட்டில் பெண்கள் காவலர்களாகப் பணியில் சேரத் தொடங்கியது 1973-இல். முதலமைச்சர் செல்லும் பாதையில் சாலையோரப் பாதுகாப்புக்குப் பெண்களை நிறுத்த வேண்டாம் என்ற அறிவுறுத்தல் வந்தது 2021-இல். நடுவில் எத்தனை ஆண்டுகள் என்று நீங்களே கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலையத்தில் காலை ரோல்காலில்தான் யாருக்கு என்ன வேலை என்று தெரியும். ஒருவர் நீதிமன்றத்துக்கு. ஒருவர் சம்மனையும் வாரண்டையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராக. ஒருவர் கைதியை மருத்துவப் பரிசோதனைக்கும் அங்கிருந்து சிறைக்கும் அழைத்துப் போக வேண்டும். ஒருவர் பாரா, அதாவது துப்பாக்கியோடு நிலைய வாசல் காவல். இரவு ரோந்து போகிறவர் வங்கி வாசலிலும் நகைக்கடை வாசலிலும் மாட்டியிருக்கும் பட்டா புத்தகத்தில், அதாவது ரோந்துப் பதிவேட்டில், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரைட்டர் என்று ஒருவர் இருப்பார். நிலையத்தின் அத்தனை காகிதமும் அவர் தலையில்.

யாரும் பேசாத வேலை ஒன்று உண்டு. கிணற்றில் விழுந்தவர், தூக்கில் தொங்கியவர், சாலையில் அடிபட்டவர் என்று இயற்கைக்கு மாறான சாவு எதுவானாலும் பிரேதத்தோடு ஒரு காவலர் போக வேண்டும். இறக்குவது, துணி சுற்றுவது, வண்டியில் ஏற்றுவது, பிணவறை வாசலில் மருத்துவருக்காகக் காத்திருப்பது, பரிசோதனை முடிந்ததும் உறவினரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பது. கேட்டு யாரும் வராவிட்டால் அடக்கம் செய்வதும் அவர்கள் பொறுப்புதான். பல நாள் கிடந்த உடல் எப்படி இருக்கும் என்று இங்கே எழுதப்போவதில்லை. அப்படிப்பட்ட நாள்களில் அப்பா கொல்லைப்புறமாக வருவார், குழாயடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். அம்மா ஒன்றும் கேட்க மாட்டார். சோறு மட்டும் அன்றைக்கு மிஞ்சும்.

2021 நவம்பர் மழையில் சென்னைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் மயங்கிக் கிடந்த இளைஞரை ஆய்வாளர் ராஜேஸ்வரி தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய காட்சியை நாடே பார்த்தது. இறந்துவிட்டார் என்று மற்றவர்கள் நினைத்தவரிடம் உயிர் இருப்பதை அவர்தான் கண்டார். மருத்துவமனையில் அந்த இளைஞர் பிறகு இறந்துபோனார். காணொளி எடுக்கப்பட்டதால் அது தெரிந்தது.

விடுமுறையே கிடையாதா?

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒருநாள் ஓய்வு என்று 2021-இல் அரசாணை வந்தது. காகிதத்தில் இருக்கிறது. திருவிழாவும் தேர்தலும் தலைவர்கள் வருகையும் இல்லாத வாரத்தில் கிடைக்கும். அப்படிப்பட்ட வாரம் எத்தனை என்பதுதான் கேள்வி.

காமன் காஸ் அமைப்பும் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனமும் 2019-இல் வெளியிட்ட அறிக்கை இந்தியக் காவலர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 14 மணி நேரம் வேலை செய்வதாகச் சொன்னது. இரண்டு பேரில் ஒருவருக்கு வார ஓய்வே இல்லை. மற்ற அரசு ஊழியர்களுக்கு இப்படி நடந்தால் சங்கம் இருக்கிறது, வேலைநிறுத்தம் இருக்கிறது. காவலர் சங்கம் சேர்வதை 1966-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பேச வழியில்லாதவர்களின் களைப்பு வேறு எங்காவது வெடிக்கும். நிலையத்துக்கு வரும் ஏழையின் மேல்தான் பெரும்பாலும் வெடிக்கிறது.

அப்படியானால் காவல் நிலைய மரணங்களை மறந்துவிடச் சொல்கிறீர்களா?

இல்லை. களைப்பைக் காரணம் காட்டி அடியை நியாயப்படுத்துவதும் இல்லை. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஊரடங்கு நேரத்துக்குப் பிறகும் கடை திறந்திருந்ததாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்ட தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடிபட்டு இறந்தார்கள். எங்கள் குடியிருப்பில் அந்த வாரம் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஏதோ இரண்டு பேர் செய்தது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள அப்பாவைப் போன்ற பழைய ஆட்களால் முடியவில்லை. விடிய விடிய ஒரு நிலையத்துக்குள் அது நடந்தது, தடுக்க ஆள் இல்லை என்பதுதான் அவர்களை அரித்தது.

அந்த வழக்கில் இன்னொன்றும் நடந்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரிடம் அதே நிலையத்தின் பெண் தலைமைக் காவலர் ஒருவர், தான் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். வெளியே சக காவலர்கள் நின்றிருக்க, அவர் உள்ளே சாட்சி சொல்லிக் கையெழுத்திட்டார். பிறகு அவருக்கே பாதுகாப்புக் கொடுக்க வேண்டியிருந்தது. வீரவணக்க நாளில் பேச அழைத்தால் நான் ஓம்ப்ளேயோடு இவரையும் சேர்த்தே சொல்கிறேன். நிகழ்ச்சி அமைப்பாளர்களில் சிலருக்கு இது பிடிப்பதில்லை. பெயர்களை வாசித்துவிட்டு மற்றதை மூடி வைக்கும் மரியாதை எனக்குச் சரிப்படாது. நியாயமாக நடந்து உயிரைவிட்டவருக்கும் அடித்துக் கொன்றவருக்கும் உடுப்பு ஒன்றுதான். அதனால்தான் பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நன்றி காட்ட நாங்கள் என்ன செய்யலாம்? நிலையத்துக்குப் போய் இனிப்புக் கொடுக்கலாமா?

சங்கத்தின் சார்பில் பூங்கொத்தோடு போய் நிழற்படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. அன்றைக்கு நிலையத்தில் இருப்பவர் அரை மணி நேரம் வேலையை விட்டுவிட்டுச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். தனிநபராகப் பரிசோ பணமோ கொடுக்கவே வேண்டாம். உங்கள் நல்லெண்ணம் அவருக்கு ஊழல் புகாராகப் போய் முடியலாம்.

உண்மையில் அவர்களுக்கு ஆள் கிடைக்காத இடம் சாட்சிக் கூண்டு. திருட்டு நடந்த இடத்தில் மகஜர், அதாவது அங்கே கண்டதைக் குறிக்கும் பதிவு, எழுதும்போது இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை சுற்றி நின்று எட்டிப் பார்த்த தெரு முழுவதும் அந்த நொடியில் காலியாகிவிடும். நானே பலமுறை பார்த்திருக்கிறேன். கடைசியில் டீக்கடைக்காரரையோ கிராம உதவியாளரையோ கெஞ்சிப் பிடிப்பார்கள். வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்போது பாதி சாட்சிகள் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சிகளாகிவிடுவார்கள். குற்றவாளி வெளியே வந்து, பிடித்தவரின் தெருவிலேயே புல்லட்டில் சுற்றுவான். உயிரைப் பணயம் வைத்துப் பிடித்தவருக்கு அதைவிட அவமானம் எது?

பயப்படுகிறவர்களுக்குச் சில விவரங்கள்:

சாலை விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்த்தால் நீங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. உச்ச நீதிமன்றம் 2016-இல் இதற்கான நெறிமுறைகளை ஏற்றது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ பிரிவாகச் சேர்த்துவிட்டார்கள். சாட்சியாக வாக்குமூலம் தர நேர்ந்தால், பெண்களையும் 15 வயதுக்குக் குறைந்தவர்களையும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும் நிலையத்துக்கு வரச் சொல்லக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் வசிக்கும் இடத்துக்கே வந்து கேட்க வேண்டும். மிரட்டல் வருமென்று அஞ்சும் சாட்சிகளுக்குப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்று நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஒரு காவலர் நல்லபடியாக உதவினார். யாரிடம் சொல்வது?

மாவட்டமாக இருந்தால் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமாக இருந்தால் ஆணையருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். தேதி, இடம், நடந்தது என்ன, காவலரின் பெயர், தெரிந்தால் அவருடைய எண். "தெய்வம் போல வந்தார்" என்பதெல்லாம் வேண்டாம். இரவு பதினொரு மணிக்குப் பஸ் கிடைக்காமல் நின்ற என் மகளைப் பாதுகாப்பாக வண்டியேற்றி அனுப்பினார் என்று எழுதினால் போதும். அதிகாரி அழைத்துப் பாராட்டவும் ரிவார்டு கொடுக்கவும் அது காரணமாகும். புகார்க் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வரும் அலுவலகத்தில் பாராட்டுக் கடிதம் தனியாகத் தெரியும். அப்பாவின் பெட்டியில் அப்படி ஒரே ஒரு கடிதம் இருக்கிறது, ஒரு பீடிக் கடைக்காரர் எழுதியது. பதக்கத்துக்கு வைக்க வேண்டிய இடத்தில் அதை வைத்திருக்கிறார்.

இறந்தவரின் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது?

அரசின் நிவாரணத் தொகை, குடும்ப ஓய்வூதியம், கருணை அடிப்படையில் வாரிசுக்கு வேலை. வில்சன், பூமிநாதன் குடும்பங்களுக்குத் தலா ஒரு கோடி ரூபாய் வழங்கப்பட்டது. செய்தியில் இடம்பெறாத சாவுகளுக்கு இவ்வளவு கிடைப்பதில்லை. காகிதங்கள் மேசைக்கு மேசை நகரவே மாதக்கணக்காகும்.

அந்த இடைவெளியை நிரப்புகிறவர்கள் அதே ஆண்டில் பணியில் சேர்ந்த தோழர்கள். பயிற்சிப் பள்ளியில் ஒன்றாக ஓடியவர்கள் இப்போது மாநிலம் முழுவதும் சிதறிக் கிடந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள். ஒருவர் இறந்த செய்தி வந்ததும் ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று போட்டுச் சேர்த்து, பிள்ளைகள் பெயரில் வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டுவிட்டுத்தான் ஓய்வார்கள். எப்படி இறந்தார், விருது உண்டா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

இணையத்தில் 'பாரத் கே வீர்' என்றோர் அரசுத் தளம் இருக்கிறது. 2017-இல் தொடங்கியது. பொதுமக்கள் நேரடியாகப் பணம் செலுத்தலாம். ஆனால் அது மத்தியப் படையினரின் குடும்பங்களுக்கானது. உள்ளூர்க் காவலரின் குடும்பத்துக்கு உதவ நினைப்பவர்கள் அதில் தேட வேண்டாம். வீட்டு முகவரி விசாரித்து, பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று கேட்டு, கட்டணத்தைப் பள்ளியிலேயே கட்டிவிடுங்கள்.

பதக்கங்கள் எப்போது தருகிறார்கள்?

குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் குடியரசுத் தலைவர் பதக்கங்கள் அறிவிக்கப்படும். தமிழ்நாட்டில் பொங்கலை ஒட்டி முதலமைச்சரின் காவல் பதக்கம், குடியரசு நாளில் மதுவிலக்குப் பணிக்கான காந்தியடிகள் காவலர் பதக்கம், செப்டம்பர் 15-ஐ ஒட்டி அண்ணா பதக்கம்.

செப்டம்பர் 6 காவலர் நாள் என்கிறார்களே, அது வேறா?

வேறு. அக்டோபர் 21 நாடு முழுமைக்கும் உரியது, இறந்தவர்களுக்கானது. செப்டம்பர் 6 தமிழ்நாட்டின் காவலர் நாள், 2025-இல் அறிவிக்கப்பட்டது. இன்றைய காவல்துறைக்கு அடித்தளமான சென்னை மாகாணக் காவல் சட்டம் 1859-இல் வந்த நாளை ஒட்டியது. பூங்கொத்து கொடுத்தே தீருவேன் என்பவர்கள் அன்றைக்குப் போகலாம்.

பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட இடங்கள் உண்டா?

சென்னை எழும்பூரில் பழைய ஆணையர் அலுவலகத்தைக் காவல் அருங்காட்சியகமாக மாற்றி 2021-இல் திறந்தார்கள். கோயம்புத்தூரில் ஹாமில்டன் கிளப் கட்டடத்தில் ஒன்று இருக்கிறது. டெல்லிக்குப் போனால் சாணக்கியபுரியில் தேசியக் காவலர் நினைவகம். 2018 அக்டோபர் 21 அன்று திறக்கப்பட்டது. 30 அடி உயரத்தில், 238 டன் எடையுள்ள ஒற்றைக் கருங்கல் நிற்கிறது. வடித்தவர் அத்வைத கடநாயக். சுவரில், திறக்கும்போதே 34,844 பெயர்கள் இருந்தன.

வீட்டுப் பாடம் ஒன்றும் உண்டு. சோறு ஊட்டும்போது "சாப்பிடாவிட்டால் போலீஸ்காரரைக் கூப்பிடுவேன்" என்று மிரட்டுவதை நிறுத்துங்கள். கூட்டத்தில் தொலைந்துபோகும் பிள்ளை, காக்கிச் சட்டையைப் பார்த்ததும் ஓடி ஒளிந்துகொள்வதற்கு அந்த மிரட்டலும் ஒரு காரணம். காணாமல்போன பிள்ளையைத் தேடி ஓய்ந்துபோன காவலர்கள் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தீபாவளி இரவில் தெருமுனையில் நிற்பவருக்கு ஒரு டீ வாங்கித் தந்தால் அதுவும் லஞ்சமா?

டீ லஞ்சமாகாது, தாராளமாகக் கொடுங்கள். பேப்பர் கப்பில் கொடுங்கள், ஏனென்றால் கிளாஸைத் திருப்பித் தர அவரால் இடத்தைவிட்டு நகர முடியாது. பெண் காவலராக இருந்தால் டீக்கு முன்னால், உங்கள் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று வீட்டுப் பெண்கள் யாராவது போய்ச் சொல்லட்டும்.